இலங்கைப் போரை 1983இல் தொடங்கிச் சொல்லலாமா? வாசிப்பு வட்டத்துக்கு உதவி தேவை

கோட்டூர்புரம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் பக்கத்தில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் இலங்கை உள்நாட்டுப் போர் பற்றி ஓர் அமர்வு. காரணங்கள் பாதி, அது விட்டுப்போனவை பாதி. கல்லூரி மாணவர்கள் இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். மொத்தம் 90 நிமிடம். முள்ளிவாய்க்கால் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் என்ன என்று கேட்டால் "83 கலவரம்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

இப்போதைக்கு என் திட்டம்: வரைபடத்துக்கு 10 நிமிடம், 1983 முதல் 2009 வரை 40 நிமிடம், போருக்குப் பிந்தைய நிலைமை 20 நிமிடம், மீதி கேள்வி பதில். மூன்று இடங்களில் தெளிவில்லை.

முதலாவது, 1983 ஜூலையைத் தொடக்கமாக வைப்பது சரியா? பின்னால் போவதென்றால் எங்கே நிறுத்துவது? சிலர் எல்லாளன், துட்டகைமுனு என்ற பழங்கால மன்னர்கள் வரைக்கும் போய்விடுகிறார்கள். இரண்டாவது, தரப்படுத்தல், அதாவது 1970களில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மதிப்பெண் கணக்கை மாற்றிய முறை. ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு எண் இருக்கிறது, முறையும் மாற்றி மாற்றிச் சொல்லப்படுகிறது. மூன்றாவது, போரின் மிச்சம் என்றால் இறந்தவர் எண்ணிக்கையைத் தாண்டி மாணவர்களுக்கு எதைக் காட்டுவது?

விவரமாகச் சொல்லக்கூடியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

சட்டப்பக்கம்

எல்லாளனை விட்டுவிடுங்கள். இரண்டாயிரம் வருடப் பகை என்று ஆரம்பித்தால், 20ஆம் நூற்றாண்டில் சட்டம் போட்டவர்கள் யாருக்கும் பொறுப்பே இல்லை என்றாகிவிடும். 1983இலும் தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால் ஒரு பக்கம் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டது, மறுபக்கம் கலவரம் என்று வெறும் அடிக்கு அடியாக மாணவர் மனதில் பதியும். 1948இல் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பாதிக்கப்பட்டவருக்கு அதுவரை எந்தக் கதவு திறந்திருந்தது, இந்தப் படியில் அது எப்படி மூடியது?

இதற்கு மிகச் சிறந்த ஒரே உதாரணம் கோடீஸ்வரன் வழக்கு. இங்கே யாரும் பேசுவதில்லை. 15 நிமிடம் இதற்கே கொடுக்கலாம்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் எண் அரச கரும மொழிச் சட்டம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், மூன்றே பிரிவுகள். முதல் பிரிவு பெயர். இரண்டாவது, சிங்களமே ஒரே அரச கரும மொழி. உடனே நடைமுறைப்படுத்த முடியாத இடங்களில் 1960 டிசம்பர் 31 வரை பழைய மொழிகள் தொடரலாம். மூன்றாவது, விதிகள் செய்யும் அதிகாரம். தமிழில் பேசக்கூடாது, படிக்கக்கூடாது என்று இதில் எங்கும் இல்லை. மாணவர்கள் பலர் அப்படி நினைக்கிறார்கள், அதைத் திருத்த வேண்டும். இந்தச் சட்டம் கடித்த இடம் அரசு வேலை. சிங்களத் தேர்வில் தேறாவிட்டால் ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது என்று திறைசேரி சுற்றறிக்கை வந்தது. கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசு எழுத்தருக்கு ஊதிய உயர்வு நின்றது, அவர் வழக்குப் போட்டார்.

அவர் கையில் இருந்த ஆயுதம், 1972 வரை நடப்பில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் தடை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் செய்யக்கூடாது என்கிறது அது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1967இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது, ஆனால் காரணம் வேறு: அரசு ஊழியர் சம்பளத்துக்காக முடியாட்சியின் மேல் வழக்குப் போட முடியாதாம். மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குள் நீதிபதிகள் போகவே இல்லை. 1969 டிசம்பரில் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம், அரசியலமைப்புக் கேள்வியை நீங்களே விசாரியுங்கள் என்று கொழும்புக்குத் திருப்பி அனுப்பியது. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு என்பதே ஒழிக்கப்பட்டது. 1972இல் வந்த புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. கேள்விக்கு விடை வருவதற்குள் கேள்வி கேட்கும் இடம் போய்விட்டது. ஒருவருடைய சம்பள உயர்வில் ஆரம்பித்து 1972 வரை மாணவர்கள் தாங்களே நடந்து வந்துவிடுவார்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒருவர் கொல்வின் ஆர். டி சில்வா. இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று 1956இல் எச்சரித்த இடதுசாரித் தலைவர். சிங்களத்தை அரச கரும மொழியாகவும் பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் எழுதிய 1972 அரசியலமைப்பை வடித்த அமைச்சரும் அவரே. தனி மனிதர்களின் தீய எண்ணம் என்று முடித்துவிட முடியாது, தேர்தல் கணக்கு எல்லோரையும் எங்கே தள்ளியது என்று விளக்க இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

ஒப்பந்தங்களில் இரண்டு போதும். 1957 ஜூலை 26, பிரதமருக்கும் தமிழரசுக் கட்சித் தலைவருக்கும் இடையே பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம்: பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டின் முன் அமர்ந்ததும் கைவிடப்பட்டது, அடுத்த மாதமே கலவரம். 1965 மார்ச் 24 டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம்: மாவட்ட சபைகள். அதுவும் நிறைவேறவில்லை. 1961 சத்தியாக்கிரகத்தைப் பற்றிப் பேசினால் "யாழ்ப்பாணக் கச்சேரி மறியல்" என்ற சொல் வரும். பிள்ளைகள் பாட்டுக் கச்சேரி என்று நினைப்பார்கள். மயிலாப்பூர் கச்சேரி சாலையைச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே பொருள்தான்: அரசு அலுவலகம்.

பிறகு தனிநாடு கோரிய 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடங்கள், அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இரண்டு விஷயம் போதும். விசாரணையின்றி 18 மாதம் வரை காவலில் வைக்கலாம் என்றது அது (2022 திருத்தத்தில் 12 மாதமானது). உதவிப் பொலிஸ் அத்தியட்சர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் தந்த வாக்குமூலம் சாட்சியாகச் செல்லும். சாதாரணமாகப் பொலிஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்பது அங்கேயும் சட்டம், இங்கேயும் சட்டம். நம் தடா சட்டம் இதே பூட்டைப் பின்னாளில் உடைத்தது என்று சொன்னால் சட்டக் கல்லூரி மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

1983 ஆகஸ்ட் 8 ஆறாவது திருத்தத்தைத் தவறவிடாதீர்கள். தனிநாடு கேட்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்காத உறுப்பினர் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாது. கூட்டணியினர் எடுக்க மறுத்தார்கள், இடங்களை இழந்தார்கள். ஜூலை கலவரம் நடந்து இரண்டு வாரத்தில் நாடாளுமன்றப் பாதையும் அடைபட்டது. இளைஞர்கள் இயக்கங்களை நோக்கிப் போனதைப் புரிந்துகொள்ள இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

---

மலையகத் தடம்

மேலே எழுதியவர் 1948 என்று சொல்லிவிட்டு நேரே 1956க்குத் தாவிவிட்டார். 1948இல் நடந்தது என்ன என்பதை யாராவது சொல்ல வேண்டும். முதல் பலி யாழ்ப்பாணத் தமிழர் கிடையாது, மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர், அதாவது இந்திய வம்சாவளித் தமிழர்.

1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்தவரிடம் தகப்பனின் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? 1949இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கு ஒரு தனிச் சட்டம். மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு 1946 ஜனவரி 1க்கு முன்னால் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் ஊருக்குப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டது, கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. வாக்குரிமையும் 1949இலேயே போய்விட்டது.

இங்கேயும் 29(2)ஐ வைத்து வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். குடியுரிமையை வரையறுப்பது நாட்டின் உரிமை என்று 1953இல் பிரிவி கவுன்சில் தள்ளிவிட்டது.

அமர்வில் தவறாமல் சொல்ல வேண்டியது: ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் அப்போது அரசோடு சேர்ந்திருந்தது. இந்தக் கேள்வியில்தான் செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தமிழர் என்று ஒரே பெட்டியில் எல்லோரையும் அடைத்தால் இது புரியாது.

1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்கைப் பலகையில் எழுதுங்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு, 1974இல் ஆளுக்கு 75,000 எனப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் உள்ள அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இவர்களுக்காகவே உண்டானவை. 1984இல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றதும், இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் பல்லாயிரம் பேர் அங்கேயே தங்கிப்போனார்கள். 2003இல்தான் எஞ்சியவர்களுக்குச் சட்டப்படி இலங்கைக் குடியுரிமை கிடைத்தது.

---

கணக்கு சரிபார்ப்பு

தரப்படுத்தலைப் பற்றி எழுதுகிறேன். குழப்பம் வருவதற்குக் காரணம், ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு முறைகள் அடுத்தடுத்து வந்தன. எந்த ஆண்டு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்தால் தப்பாகத்தான் போகும்.

முதல் முறை, 1971 சேர்க்கை. பாடமொழிக்கு ஏற்ப வெட்டுப்புள்ளி. மருத்துவத்துக்கு 400க்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250, சிங்கள மொழிமூல மாணவருக்கு 229. ஒரே தேர்வு, ஒரே கேள்வி, எழுதிய மொழி மட்டும் வேறு.

இரண்டாவது, 1973. இதுதான் சொல்லின் சரியான பொருளில் தரப்படுத்தல். ஒவ்வொரு மொழிமூலத்தின் மதிப்பெண்களையும் சராசரி, திட்ட விலக்கம் கொண்டு ஒரே அளவுகோலுக்கு மாற்றுவார்கள். கற்பனை எண்ணில் காட்டுகிறேன். ஒரு மொழிமூலத்தில் சராசரி 50, திட்ட விலக்கம் 10. அதில் 65 எடுத்தவர் சராசரிக்கு மேலே 1.5 விலக்கம் இருக்கிறார். இன்னொன்றில் சராசரி 42, திட்ட விலக்கம் 12. அதில் 60 எடுத்தவரும் 1.5 விலக்கம் மேலே. ஆகவே 65உம் 60உம் சமம். விளைவு என்னவென்றால், எந்த மொழியில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்களோ ஏறக்குறைய அதே விகிதத்தில் இடமும் போகும். பொறியியல் கலந்தாய்வில் வெவ்வேறு வாரிய மதிப்பெண்களைச் சமன்செய்வது நம் மாணவர்களுக்குத் தெரியும். அங்கே வினாத்தாளே வேறு, அதனால் சமன்செய்ய ஒரு நியாயம் உண்டு. இலங்கையில் வினாத்தாள் ஒன்றுதான். வித்தியாசத்தை அழுத்திச் சொல்லுங்கள்.

மூன்றாவது, 1974 முதல் மாவட்ட ஒதுக்கீடு. மக்கள்தொகைப்படி மாவட்டத்துக்கு இடம். இதில் யாழ்ப்பாணம் மட்டுமல்ல, கொழும்பும் இழந்தது. வவுனியா, மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய தமிழ்ப் பகுதி மாணவர்களுக்கும் முஸ்லிம் மாணவர்களுக்கும் இதனால் இடம் கூடியது. 1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரிக் கணக்கு கைவிடப்பட்டது, மாவட்ட ஒதுக்கீடு வேறு விகிதத்தில் தொடர்ந்தது: திறமைக்கு 30, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 சதவீதம்.

சென்னையில் இதைப் பேசினால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "இது நம் இடஒதுக்கீடு மாதிரிதானே, இதில் என்ன அநியாயம்?" தயாராகப் போங்கள். மூன்றாவது முறைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் உறவு உண்டு, அதை நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள். முதல் முறைக்குக் கிடையாது. அது பின்தங்கிய நிலையை அளக்கவில்லை. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் ஏழை மாணவனும் கொழும்பின் வசதியான தமிழ் மாணவனும் அதற்கு ஒன்றே.

சட்டப்பக்கம் ஐயாவோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். சட்டங்களின் வரிசையை மட்டும் சொன்னால் சிங்களப் பக்கம் ஒரே கல்லாகத் தெரியும். 1971 ஏப்ரல் 5 இரவு ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி தொடங்கியது. பொலிஸ் நிலையங்களைத் தாக்கியவர்கள் தெற்கின் கிராமத்து, படித்த, வேலையில்லாத சிங்கள இளைஞர்கள். இலவசக் கல்வி வந்து தாய்மொழியில் லட்சக்கணக்கானோர் படித்துவிட்டார்கள், பல்கலைக்கழக இடமோ வேலையோ அதற்கேற்பக் கூடவில்லை. தரப்படுத்தல் வந்த அழுத்தம் இதுதான். இடத்தைப் பெருக்காமல் இருக்கும் இடத்தை இனவாரியாகப் பங்கிட்டதில் பிழை இருக்கிறது. 1987 முதல் 1989 வரை அதே தெற்கில் இரண்டாவது கிளர்ச்சி, அரசின் அடக்குமுறையில் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் காணாமற்போனார்கள். டயர் போட்டு எரித்த உடல்கள் தெருவில் கிடந்த காலம் அது. இதைச் சொல்லாமல் விட்டால் இலங்கை அரசின் வன்முறையைப் பாதிதான் சொன்னதாகும்.

எண்களில் இன்னொரு எச்சரிக்கை. "40,000" என்பது மொத்தப் போரின் சாவு அல்ல. ஐ.நா. தலைமைச் செயலரின் நிபுணர் குழு 2011 அறிக்கையில், கடைசிக் கட்டத்தில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 70,000க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கு இல்லை என்றது. முழுப் போருக்கும் பொதுவாகச் சொல்லப்படுவது 80,000 முதல் 1,00,000 வரை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தக் காலம், பொதுமக்களா எல்லோருமா என்று மூன்று குறிப்புப் போடுங்கள். 1983 ஜூலைக்கும் அப்படியே, அரசு சொன்னதற்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் பல மடங்கு இடைவெளி. யாழ் நூலகத்துக்கு 97,000 நூல்கள் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட எண். எரிந்தது 1981 மே 31, ஜூன் 1. இதை 1983 கலவரத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறவர்கள் நிறைய.

---

கோட்டூர்புரம் வாசகர்

மூவருக்கும் மிக்க நன்றி. 1948இல் தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன், கோடீஸ்வரன் வழக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். மலையக மக்களைப் பற்றி நான் எழுதி வைத்ததில் ஒரு வரிகூட இல்லை, அதற்காக வருந்துகிறேன். மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. போரின் மிச்சத்தை எப்படிச் சொல்வது?

---

வடகரை

நீங்கள் கேட்ட மிச்சத்தில் கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது காணியும் காகிதமும். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு நீண்ட உரையாடலில் முஸ்லிம்கள் என்ற சொல் தரப்படுத்தலில் ஒருமுறைதான் வந்தது. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. தமிழ் பேசும் மக்களுக்கு எதிராகத் தமிழின் பெயரால் நடந்தது இது. சென்னை மேடையில் இதைத் தவிர்த்துவிட்டுப் பேசினால், அமர்வுக்கு வரும் முஸ்லிம் மாணவர் ஒருவர் எழுந்து கேட்கும்போது பதில் இருக்காது, இருக்கவும் கூடாது.

இப்போது காணி. உங்கள் ஊர்ப் பத்திரத்துக்கு அங்கே பெயர் உறுதி. இலங்கையின் காலாவதிச் சட்டப்படி ஒருவருடைய காணியை இன்னொருவர் தடையின்றிப் பத்து வருடம் ஆண்டால் உரிமை கோரலாம். 1990இல் ஷெல் அடிக்கு ஓடியவர் 2010இல் திரும்பி வந்தால் இருபது வருடம் கடந்திருக்கும். உறுதி எரிந்திருக்கும், பக்கத்து வீட்டு எல்லைப் பூவரசும் இருக்காது. இதற்காகத்தான் 2016இல் காலாவதி விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத மோதலால் தன் உரிமையைக் கேட்க முடியாதவருக்கு அந்தக் காலம் கணக்கில் சேராது. நல்ல சட்டம். ஆனால் வழக்குப் போடக் கொடுத்த கால எல்லை குறுகியது, கனடாவிலும் தமிழ்நாட்டு முகாமிலும் இருப்பவருக்குச் செய்தி போய்ச் சேரவே நேரம் பிடிக்கும்.

அரசுக் காணியில் அனுமதிப்பத்திரத்தோடு குடியேறியவர்களின் சிக்கல் வேறு. வன்னியில் இவர்கள் அதிகம். 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பத்திரக்காரர் வாரிசை நியமிக்காமல் இறந்தால் பட்டியலில் ஆண் முன்னே, பெண் பின்னே. போரில் ஆண்களை இழந்த குடும்பங்களில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2022இல்தான் திருத்தம் வந்தது.

உறுதிக்காணி உள்ள பெண்ணுக்கும் தேசவழமை இருக்கிறது. வடமாகாணத் தமிழருக்குப் பொருந்தும் இந்த வழமைப்படி, சீதனமாக வந்த காணியானாலும் அதை விற்க, ஈடு வைக்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்று மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லாக் காரியமும் சுலபம். ஆனால் இராணுவத்திடம் சரணடையத் தன் கையால் ஒப்படைத்தவரை இறந்தவர் என்று எழுதிக் கையெழுத்து வைக்க எத்தனையோ பெண்கள் மறுத்துவிட்டார்கள். அதற்காக 2016இல் மரணம் என்று சொல்லாத, காணப்படாமைச் சான்றிதழ் என்ற ஒன்றைச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். காணாமற்போனோர் அலுவலகச் சட்டமும் அதே ஆண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார் கேட்டது சான்றிதழை அல்ல, பதிலை. மாணவர்கள் முன்னால் இரண்டு சான்றிதழையும் பெயரளவில் எழுதி, எதை எடுப்பீர்கள், எடுத்தால் என்ன கிடைக்கும், எதை இழப்பீர்கள் என்று கேளுங்கள். இந்தப் போரின் மிச்சத்தை அவர்கள் விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இராணுவம் வைத்திருக்கும் காணிக்கு யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமம் வடக்கு ஒன்றே போதும். 1990இல் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்து நான்கு வருடம் கழித்து, 2013இல், 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். 2015க்குப் பிறகு பகுதி பகுதியாக விட்டார்கள், எல்லாம் விடவில்லை. விட்ட இடத்திலும் கிணறு இடிந்து, வரம்பு அழிந்து, நில அளவையாளர் வந்து கல் போட்ட பிறகுதான் வேலை தொடங்கலாம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றல் இன்னொரு தடை.

13ஆவது திருத்தத்தைக் கடைசியில் வையுங்கள். 1987 நவம்பரில் வந்தது, தமிழும் அரச கரும மொழி என்று சொன்னது, மாகாண சபைகளைத் தந்தது. காணி, பொலிஸ் அதிகாரம் எழுத்தில் உண்டு, கையில் வரவில்லை. வடக்கு கிழக்கு இணைப்பை 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, 2007 ஜனவரி 1 முதல் இரண்டு மாகாணம். வடமாகாண சபைக்கு முதல் தேர்தலே 2013 செப்டம்பரில்தான். 2018 அக்டோபரில் காலம் முடிந்ததும் ஆளுநர் கையில் போனது.

---

மண்டபம் பக்கம்

போரின் மிச்சம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் சென்னையில் அமர்வு நடத்த முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

முகாம்களில் 58,000 பேருக்கு மேல், வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்பவர் ஏறத்தாழ 34,000 பேர் என்பது 2021இல் அரசு வைத்த கணக்கு. அந்த ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாயில் வீடு, கல்வி உதவிகளை அறிவித்து, அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை.

மாணவர்களுக்குக் குடியுரிமைக் கணக்கைப் பிறந்த தேதியை வைத்துச் சொல்லிக் கொடுங்கள். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், பெற்றோர் யாராக இருந்தாலும். அதன்பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக்கூடாது. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் படகில் வந்தவரைச் சட்டம் அந்தப் பெயரில்தான் அழைக்கிறது. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதற்கு முதல் விதியே காரணம். அவருடைய தங்கை ஒருத்தி 1988இல் அதே முகாமில் பிறந்திருந்தால் அந்த விதி உதவாது. முகாமில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையக வழியினர் என்பதையும் சேர்த்தால், மேலே 1948 பற்றிச் சொன்னது இங்கே வந்து முட்டுவது தெரியும்.

நடைமுறைக்கு ஒன்று: விடுதலைப் புலிகள் அமைப்பு 1992 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது, தடை இப்போதும் நீள்கிறது. வரலாறு பேசத் தடையில்லை. கொடி, சின்னம், ஆதரவு முழக்கம் அழைப்பிதழிலும் மேடையிலும் வேண்டாம். இடம் தருகிறவருக்கு நிகழ்ச்சியின் தலைப்பை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

---

கோட்டூர்புரம் வாசகர்

எல்லோருக்கும் நன்றி. காணாமற்போனோர் பற்றிய இரண்டு சான்றிதழ் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: வரைபடம் எதை அச்சடிப்பது? இன்றைய 25 மாவட்ட வரைபடம் போதுமா?

---

கணக்கு சரிபார்ப்பு

போதாது. இரண்டு வேண்டும். இன்றைய வரைபடத்தை வைத்து 1974 மாவட்ட ஒதுக்கீட்டை விளக்கினால் கிளிநொச்சிக்கு எத்தனை இடம் என்று கேட்பார்கள், அப்போது அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி, 1984இல்தான் பிரிந்தது. முல்லைத்தீவு 1978 வரை தனி மாவட்டம் இல்லை. அம்பாறை 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. கிழக்கில் சிங்களவர் விகிதம் 1921இல் 5 சதவீதத்துக்கும் கீழே, 1981இல் ஏறக்குறைய 25. கல்லோயா போன்ற நீர்ப்பாசனக் குடியேற்றங்களை விளக்கும்போது அம்பாறைப் பிரிப்பையும் சேர்த்துக் காட்டலாம்.

ஆகவே 1971 எல்லைகளோடு ஒரு வெற்று வரைபடம், இன்றைய எல்லைகளோடு ஒன்று, இரண்டையும் ஏ3 தாளில் ஒரே அளவில் எடுங்கள். பழையதை ட்ரேசிங் தாளில் அச்சிட்டு மேலே வைத்தால் எல்லை நகர்ந்தது கண்ணுக்குத் தெரியும். நுவரெலியாவும் பதுளையும் இரண்டு தாளிலும் வண்ணத்தில் இருக்கட்டும். வடக்கு கிழக்கை மட்டும் நிறமிட்டுவிட்டு மலையகத்தை வெள்ளையாக விடுவதுதான் இங்கே எல்லோரும் செய்வது.

---

மலையகத் தடம்

ஹட்டனையும் எழுதிவிடுங்கள். மண்டபம், ராமேஸ்வரம், தலைமன்னார் மூன்றையும் கப்பல் கோட்டோடு போடுங்கள், கோட்டின் பக்கத்தில் 1984 என்று.